ஓரம் இருண்ட குரூப் போட்டோ

தாம்பரத்தில் குடியிருக்கும் எனக்கு அலுவலகம் போக மீதி நேரமெல்லாம் கேமராதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் மூன்று லென்ஸ்கள் இருந்தன. மூன்றுக்கும் வாய் அளவு வேறு. லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி ஃபில்டர், சிறிய லென்ஸுக்கு வாங்கியது ஒன்றுதான் இருந்தது. தனித்தனியாக எதற்கு என்று, அதையே பெரிய லென்ஸ்களிலும் மாட்ட வளையங்கள் வாங்கிக்கொண்டேன்.

மச்சினியின் கல்யாணத்தன்று சர்ச் படிகளில் குரூப் போட்டோ. எல்லோரும் அடங்க, மூன்றில் வாய் பெரிதான வைடு லென்ஸைப் போட்டேன். சர்ச் வாசலில் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டின் தூசிக்குப் பயந்து ஃபில்டரைக் கழற்றவில்லை. பெண்ணின் பெரியப்பா மேல்படியின் கோடியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்.

"பத்திரிகையில பேரு விட்டுப்போச்சுன்னு ஏற்கெனவே கோவமா இருக்காரு. ஒரு நிமிஷம் இருங்க" என்று என் மனைவி ஸ்டெல்லா என்னிடம் சொல்லிவிட்டுப் போய், அவரை மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தினாள். அவர் நின்ற இடத்தில் அவள் நின்றுகொண்டாள்.

பிரிண்ட் போட்டு வாங்கிப் பார்த்தேன். சின்ன ஃபில்டரின் விளிம்பு மறைத்து நான்கு மூலையும் கறுப்பு. கேமரா வழியாகப் பார்க்கும்போது படத்தின் ஓரம் முழுதாகத் தெரியாது என்பதால் அது கண்ணில் படவே இல்லை. ஸ்டெல்லாவுக்குப் பாதி முகம்தான் இருந்தது. நடுவில் பெரியப்பா பளிச்சென்று இருந்தார். "நல்லா வந்திருக்கு மாப்பிள்ள, எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று என்னிடம் கேட்டு வாங்கிப்போனார்.

இப்போது பெரிய லென்ஸின் அளவுக்கே ஃபில்டர் வாங்கி, சிறியவற்றுக்கு வளையம் போட்டுக்கொள்கிறேன். குரூப் போட்டோ என்றால் அதையும் கழற்றிவிடுகிறேன். ஆனாலும் ஸ்டெல்லா, "ஃபில்டரக் கழட்டிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடுவில் போய் நின்றுகொள்கிறாள்.