கொட்டகைக்கு வாங்கிய கரண்ட்

ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்தில் அத்தாயியும் அவள் கணவன் பெரியண்ணனும் 1986இல் புது வீடு கட்டினார்கள். காப்பித் தோட்டத்து மேட்டில் இரண்டு அறை. கல்லில் பாதியை அத்தாயியே தலையில் சுமந்தாள். வீடு முடிந்த பிறகுதான் கரண்டுக்கு மனுக் கொடுத்தார்கள். மின்வாரியத்திலிருந்து அளக்க வந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, கடைசிக் கம்பத்திலிருந்து வீடு எட்ட இருக்கிறது, நடுவில் இன்னொரு கம்பம் நட வேண்டும், அதன் செலவையும் இணைப்புக் கட்டணத்தோடு கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கூரைக்கு ஆனதில் பாதித் தொகை அது.

வீட்டுக்குள் வயரிங் செய்ய வந்த தங்கராஜ் ஒரு வழி சொன்னான்.

"எதுக்குங்கக்கா கம்பத்துக்கு அழுவோணும்? மாட்டுக்கொட்டாய் அவங்க கம்பத்துக்குப் பக்கத்துலதான இருக்குது. அதுக்குன்னு மனு எழுதுங்க. மீட்டரு அங்க இருக்கட்டும். அங்கிருந்து ஊட்டுக்கு மரத்து மேல நான் வயர் இழுத்துத் தாரேன். சில்வர் ஓக்கு கம்பத்தவிட உசரமுங்க."

"மரம் ஆடுமே, தம்பி?"

"ஆடட்டுமே. வயருக்கு மேல ரப்பர் இருக்குது."

பெரியண்ணனுக்குச் சிரிப்பு. "மொதல்ல மாட்டுக்கு வெளக்கு. அப்பறந்தான் நமக்கு."

அப்படியே நடந்தது. பல்பு எரிந்த நாளிலிருந்து அத்தாயிக்கு நிம்மதி போயிற்று. காற்றடித்தால் வாசலுக்கு வந்து மரங்களைப் பார்ப்பாள். ஐப்பசி மழையில் கொப்பும் வயரும் உரசுவதைக் கணவனிடம் காட்டினாள். "ஊர்ல எவளுக்கும் இல்லாத பயம் உனக்குத்தான்" என்றான் அவன். சுவிட்சை அவள் தொட்டதில்லை. காப்பிக் குச்சியால் தட்டித்தான் போடுவாள்.

தை மாதம் மிளகு பழுத்தது. அங்கே மிளகுக்கொடிகளை ஏற்றிவிடுவதே சில்வர் ஓக் மரங்களில்தான். கால் வைக்கக் கணு விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. அன்று காலை பத்து மணியாகியும் மூடுபனி விலகவில்லை. இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியண்ணன் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மரமேறினான். அத்தாயி கீழே உதிர்ந்த கொத்துகளை முறத்தில் பொறுக்கினாள்.

"முசுறு நொம்பக் கடிக்குது" என்றான் மேலிருந்து.

முசுறு என்பது கொடிகளில் இலையை மடித்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. மிளகு பறிப்பவர்கள் அதன் கடியைப் பொருட்படுத்துவதில்லை. கையை உதறிவிட்டு மேலே போவார்கள். பெரியண்ணனும் உதறிக்கொண்டு இன்னொரு கணு ஏறினான்.

அத்தாயி கையிலிருந்த கொத்தைத் திருப்பிப் பார்த்தாள். எறும்பில்லை. முறத்தைக் கிளறினாள். ஒன்றுகூட இல்லை. இந்தக் குளிரில் முசுறு கூட்டைவிட்டு வெளியே வராது என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். பனிக்குள், அவன் தலைக்கு இரண்டு முழம் மேலே, வயர் ஈரக்கொடிக்குள் தொய்ந்து கிடந்தது. ரப்பர் உரிந்த இடத்தில் செம்பு தெரிந்தது.

அலற வாயெடுத்துவிட்டாள். அலறினால் அவன் மேலே பார்ப்பான், பிடிக்கக் கை நீட்டுவான். குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்க, அப்படியே அசையாம நில்லுங்க. மேல ஏறாதீங்க. கை நீட்டாதீங்க."

"எறும்புக்குப் பயந்து நிக்கச் சொல்றயா?"

"என்ற மேல சத்தியமுங்க. நில்லுங்க."

கொட்டகை நூறடி தூரத்துக்கு மேல் இருக்கும். ஓடும்போது திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. விழுகிற சத்தம் கேட்கிறதா என்று மட்டும் காது கேட்டுக்கொண்டே இருந்தது. மீட்டருக்குக் கீழே வெள்ளைப் பீங்கானில் பியூஸ் கட்டை. அவள் கை நனைந்திருந்தது. சேலையில் துடைத்தாள்; சேலையும் ஈரம். தொழுவத்தில் கிடந்த காய்ந்த சாக்கை எடுத்துச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, கட்டையைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அவன் கணுவில் நின்றபடியே இருந்தான். "எறும்பு போயிருச்சு அத்தாயி" என்றான். அவள் மேலே கையைக் காட்டினாள். அண்ணாந்து பார்த்தவன் வெகுநேரம் இறங்கவே இல்லை. மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவளிடம் பியூஸ் கட்டையைக் கேட்டான். "அந்த எடத்துல மட்டும் டேப்பு சுத்திப் போடலாம்" என்றான்.

"கம்பம் நட்டாத்தான் குடுப்பேன்."

அந்த மிளகை விற்று, அவளே பஸ் ஏறி ஏற்காட்டு ஆபீசுக்குப் போனாள். இணைப்பு கொட்டகையின் பேரில் இருப்பதால் வீட்டுக்குப் புதிதாக மனுக் கொடுத்து எல்லாம் முதலிலிருந்தே வரவேண்டும், கட்டணமும் மறுபடி முழுதாகக் கட்டவேண்டும் என்றார்கள்.

"மொதல்லயே ஊட்டுக்குன்னு எழுதியிருக்கலாமேம்மா?"

அவள் பணத்தை எடுத்து வைத்தாள்.

கம்பம் வரப் பதினோரு மாதம் ஆயிற்று. அதுவரை அந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். கரண்ட் வாங்கிப் பூட்டி வைத்தவள் என்று ஊரார் கேலி பேசினார்கள். கம்பம் நட்டுக் கம்பி இழுத்து முடித்ததும் பெரியண்ணன் சுவிட்சுக்கு அருகே போய் நின்றான். "இருங்க" என்று சொல்லிவிட்டு, அத்தாயி கம்பத்திலிருந்து வீடுவரை அந்தக் கம்பியின் அடியிலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். ஓர் இலைகூட அதைத் தொடவில்லை. திரும்பவும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான், "ம், போடுங்க" என்றாள்.