எங்கள் வீட்டுக்கு வந்த முசியே

போன மாதம் உப்பளம் பகுதியில் இருக்கும் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பிரிட்ஜ் கதவில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கட்டம் கட்டமாக. ஆறரைக்கு ஜெபம், ஏழுக்குப் பால், ஏழரைக்குக் கணக்கு என்று படுக்கப் போகிறவரைக்கும் எழுதியிருந்தது. பல் விளக்குவதற்குக்கூட ஒரு கட்டம்.

"என்னாடி இது, ரயில் வர்ற நேரமா?" என்றேன்.

"இல்ல ஆயா. பசங்கள இனிமே ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல. வீட்டுலயே நான் சொல்லித் தரப்போறேன். ஹோம் ஸ்கூலிங். இப்பதான் புதுசா வந்திருக்கு, உனக்குப் புரியாது."

புதிதாக வந்திருக்கிறதாம். நான் தலையை ஆட்டிவிட்டேன். உனக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் உடனே ஒத்துக்கொண்டுவிட வேண்டும், பாதி வேலை மிச்சமாகும். ஆனாலும் கிட்டே போய் அந்தத் தாளை மோந்து பார்த்தேன். பசை வாசனைதான் அடித்தது. அரக்கு வாசனை இல்லை.

எங்கள் அப்பா விரலில் எப்போதும் அரக்கு வாசனை இருக்கும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். அப்பா நொத்தேர் ஆபீசில் நகல் எழுதுகிறவர். ஊரில் யார் வீடு விற்றாலும், யார் உயில் எழுதினாலும், பத்திரம் அங்கேதான் பதிவாகும். அதைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று எழுதி, அரக்கு உருக்கி முத்திரை வைப்பது அப்பா வேலை. ஒரு வரி விடக்கூடாது, ஒரு வரி தாண்டக்கூடாது. இடது கை விரல் வரி வரியாக இறங்கும், வலது கை எழுதும். இருபது வருஷம் இப்படி எழுதியதில், மனிதருக்கு எதையுமே வரிசை மாற்றிச் செய்ய வராமல் போய்விட்டது. சாப்பாட்டிலும் அப்படித்தான். இலையில் இடது ஓரத்தில் இருப்பதிலிருந்துதான் தொடங்குவார். அம்மா அவசரத்தில் அங்கே ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டால், அதை மொத்தமும் தின்று முடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு சோற்றுக்கு வருவார்.

அப்படிப்பட்டவர் எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்குக் காரணம் சிவப்பு மையில் ஒரு வரி. அண்ணன் அந்துவானுக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு ஒன்பது, தங்கை ரோசலிக்கு ஏழு. அந்துவானின் வீட்டுப்பாட நோட்டில் வாத்தியார் ஒரு நாள், கையெழுத்து கவனக்குறைவாக இருக்கிறது என்று சிவப்பில் எழுதி அனுப்பிவிட்டார். அதில் தப்பில்லை, வாத்தியார் என்றால் எழுதத்தான் செய்வார். ஆனால் அந்த வீட்டுப்பாடத்தை எழுதியவர் எங்கள் அப்பா. அந்துவானுக்குத் தூக்கம் வருகிறது என்று பாவம் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார். கவர்னர் கையெழுத்துப் போடுகிற காகிதத்தை எழுதின கை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மூன்று பேருக்கும் வீடே பள்ளிக்கூடம்.

"அவன் எழுதியிருந்தா அவனத் திட்டலாம். நீங்க எழுதுனதுக்கு மூணு பிள்ளைங்களும் வீட்டுல குந்தணுமா?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கேள்வி எப்போதும் நேராக இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் இப்படி நடந்தது. காலையில் கோயில் மணி அடித்ததும் எழுந்து, ஆண்டவரின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்போம். அப்பா மந்திரம் சொல்லுவார், நாங்கள் பதில் சொல்லுவோம், ரோசலி தூங்குவாள். காப்பி குடித்ததும், ஆபீஸ் நேரத்துக்கு முன்னால், அப்பா உள்ளே போவார். கறுப்புக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவாசல் வழியாக வந்து கதவைத் தட்டுவார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அப்பா இல்லை, முசியே, அதாவது வாத்தியார் ஐயா. நாங்கள் எழுந்து நின்று "போன்ழூர் முசியே" என்று வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு ஆஜர் கூப்பிடுவார். மூன்றே பேர், அதுவும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, வந்திருக்கிறோமா என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

ஒரு தடவை ரோசலி வாய் தவறி அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். "உங்க அப்பா வீட்டுல இல்ல. என்ன விஷயம்னு என்கிட்ட சொல்லு" என்றார் முசியே. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பா இல்லை என்று நிஜமாகவே நம்பிவிட்டாள்.

சனிக்கிழமைதான் வேடிக்கை. எங்கள் லட்சணத்தைப் பற்றி முசியே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுவார். மடித்து, அரக்கு வைத்து, என் கையில் கொடுத்து, "உங்க அப்பாகிட்ட சேத்துடு" என்பார். தெருவாசல் வழியாகப் போவார். கொஞ்ச நேரம் கழித்து வேட்டியோடு உள்ளேயிருந்து அப்பா வருவார். நான் கடிதத்தை நீட்டுவேன். அரக்கை உடைத்து, முதல் தடவை படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படிப்பார். புருவம் ஏறும்.

"அந்துவான், இங்க வா. நீ பாட நேரத்துல கொட்டாவி விடறியாமே. முசியே எவ்ளோ வருத்தப்பட்டு எழுதியிருக்காரு பாரு."

அம்மா அடுக்களையிலிருந்து, "அந்த முசியேவ ஒரு நாள் சாப்பிடக் கூப்புடுங்க. நம்ம பிள்ளைங்ககிட்ட கத்திக் கத்திப் பாதியா போயிட்டாரு" என்பாள்.

அம்மாவுக்கும் விலக்கு கிடையாது. பாட நேரத்தில் பெரிய மார்க்கெட்டுக்குக் கூடை தூக்க என்னைக் கூப்பிட வேண்டுமானால் முசியேவுக்கு மனு கொடுக்க வேண்டும். அவளுக்கு எழுத வராது. ஆகவே முந்தின நாளே அப்பா அவளுக்காக மனு எழுதி வைப்பார். அம்மா சட்டிக் கரியைத் தொட்டு அதில் கைநாட்டு வைத்து நீட்டுவாள். முசியே படித்துப் பார்த்து, யோசித்து, அனுமதி கொடுப்பார். ஒரு தடவை மறுத்தும்விட்டார். அன்றைக்கு மீன் வாங்காமல் வெறும் ரசம் வைத்தாள். ரசத்தை ஊற்றும்போது, "முசியேவுக்கு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் மனு எதுவும் தள்ளுபடியாகவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் நான் எதற்குப் பொறுத்துக்கொண்டேன் என்றால், புதுநன்மைக்கு. பூசையில் முதல்முதலாக நன்மை, அதாவது சாமியார் நாக்கில் வைக்கும் ஆண்டவருடைய அப்பம், வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பூசை முடிந்ததும் கன்னியாஸ்திரீ மடத்தில் ரொட்டியும் வெண்ணெயும் சுடச்சுடக் கொக்கோவும். நான் ஆண்டவருக்காகத்தான் ஆசைப்பட்டேன். கொக்கோவும் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகும்போது, நான் மட்டும் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பேன். அப்பாதான் காரணம். மூன்று பேரும் ஒரே நாளில், வயது வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும் என்று அந்துவானையும் என்னையும் ரோசலிக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

பங்குச் சாமியார் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். வீட்டிலேயே ஞானோபதேசம் படிக்கலாம், அவர் கேள்வி கேட்பார், மூவரில் ஒருவர் தேறாவிட்டாலும் மூவருக்கும் அடுத்த வருஷம்தான்.

ஞானோபதேசப் புத்தகம் முழுக்கக் கேள்வி பதில். மொத்தம் தொண்ணூறு. முசியே விரலை முதல் கேள்வியில் வைத்து அந்துவானைக் கேட்பார். இரண்டாவது எனக்கு, மூன்றாவது ரோசலிக்கு, நாலாவது மறுபடி அந்துவானுக்கு. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மாறியதில்லை. முதல் மாதத்திலேயே அந்துவான் எங்களைக் கூப்பிட்டு, "தொண்ணூற எதுக்குப் படிக்கணும்? ஆளுக்கு முப்பது படிச்சா போதும்" என்றான். முசியே கணக்கை மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் இரண்டு, ஐந்து, எட்டு என்று என் முப்பதைத் தேனாகச் சொல்லுவேன். மற்றதற்கும் எனக்கும் ஒட்டு உறவு இல்லை. ஒரு தடவை ரோசலிக்கு அம்மை போட்டது. வரிசை இடறப்போகிறதே என்று நான் அந்துவானைப் பார்த்தேன். அந்துவான் எழுந்து, "முசியே, அவ இடத்த அவளுக்கே வச்சிரலாம். அவ இருக்கற மாதிரியே கேளுங்க" என்றான். முசியேவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பத்து நாள் வெறும் நாற்காலியைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் விட்டு, அடுத்ததற்குப் போனார். நாற்காலி ஒரு தப்பும் பண்ணவில்லை.

பரீட்சைக்குச் சாமியார் வீட்டுக்குப் போனோம். அப்பா கோட்டும் தொப்பியுமாகப் பின்னால் நின்றார். சாமியார் பிரான்சுக்காரர், ஆனால் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். "சின்னவளிடமிருந்து தொடங்குவோம்" என்று ரோசலியைப் பக்கத்தில் கூப்பிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

ரோசலி திரும்பி அந்துவானைப் பார்த்தாள். "அது அண்ணனுது சாமி" என்றாள்.

"எது அண்ணனுடையது?"

"அந்தக் கேள்வி."

சாமியார் என்னைக் கேட்டார். "எனக்கு ரெண்டாவதுலேருந்துதான் சாமி" என்றேன். வேறு என்ன சொல்வது, உண்மை அதுதான். அந்துவானிடம் இரண்டாவதைக் கேட்டார். அவன் கூரையைப் பார்த்தான்.

சாமியாருக்கு ஏதோ புரிந்துவிட்டது. மூன்று பேரையும் வயது வரிசையில் நிறுத்தி, முதலிலிருந்து கேட்டார். நாங்கள் தொண்ணூறையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தோம். புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"மூவரும் சேர்ந்தால் ஒரு நல்ல கிறிஸ்தவன் கிடைக்கிறான். சர்வேசுரன் மூவராகவும் ஒருவராகவும் இருக்கலாம், உம்முடைய பிள்ளைகள் இருக்கக்கூடாது. எட்டு நாள் தருகிறேன்."

வருகிற வழியெல்லாம் அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்களை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முசியே கதவைத் தட்டினார். தாறுமாறாகக் கேட்கப் போவதாகச் சொன்னார். புத்தகத்தை நடுவில் திறந்து என்னிடம் நாற்பதாவதைக் கேட்டார். முழித்தேன். அடுத்து அந்துவானிடம் நாற்பத்தொன்று. ரோசலியிடம் நாற்பத்திரண்டு, அது அவளுடையதே, ஒப்பித்துவிட்டாள்.

"தாண்டிக் கேளுங்க முசியே" என்றான் அந்துவான்.

அவர் விரலைத் தூக்கினார். விரல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. பிறகு இறங்கி, நாற்பத்துமூன்றில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி தூக்கினார், மறுபடி அடுத்ததிலேயே விழுந்தது. அப்பாவுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கொக்கோ மறந்துபோயிற்று.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். கையில் மஞ்சள், மணிக்கட்டில் செதிள். "குடுங்க இப்படி" என்று புத்தகத்தை வாங்கினாள். மூடினாள். கண்டபடி திறந்தாள். விரலை ஓரிடத்தில் வைத்தாள்.

"இது என்னான்னு படிங்க."

"பொஸ்தகம் தலைகீழா இருக்கு."

"கேள்வியுமா தலைகீழா இருக்கு? படிங்க."

அப்பா கழுத்தைச் சாய்த்துப் படித்தார். அம்மா முகவாயால் என்னைக் காட்டினாள். எது முன்னே, எது பின்னே என்று அவளுக்குத் தெரியாது. எந்தக் கேள்வி யாருடையது என்றும் தெரியாது. எட்டு நாளும் அவள் விரல் வைத்தாள், அப்பா படித்தார், நாங்கள் செத்துப் பிழைத்தோம். நாலாம் நாளிலிருந்து அப்பா கோட்டு போடவில்லை. அவளை மதாம் என்று கூப்பிட்டார். "மதாம் அடுப்பப் பாக்கணும், மனு எழுதிக் குடுங்க" என்றாள் அம்மா.

எட்டாம் நாள் சாமியார் முன்னால் ரோசலியும் அந்துவானும் தேறிவிட்டார்கள். என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்துவானின் கேள்வி. எட்டு நாளும் எனக்கு மண்டையில் ஏறாத ஒன்று. கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் அம்மாவின் கட்டைவிரல் மஞ்சள் கறை தெரிந்தது. கறைக்குக் கீழே முதல் சொல் தெரிந்தது. அதைச் சொன்னேன், மற்றது பின்னாலேயே வந்தது. சாமியார் தலையசைத்தார். அப்பா பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார்.

வெள்ளைக் கவுன் போட்டு, வயது வரிசையில் மூவரும் நன்மை வாங்கினோம். கொக்கோவில் தண்ணீர் அதிகம்.

அடுத்த சனிக்கிழமை முசியேவிடமிருந்து அப்பாவுக்குக் கடைசிக் கடிதம் வந்தது. அப்பா உரக்கவே படித்தார். பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை, சொல்லிக் கொடுத்தவன்மேல்தான், தன்னை வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இருந்தது. அப்பா பேனா எடுத்து, கீழே சம்மதம் என்று எழுதினார்.

"நல்ல மனுசன்தான்" என்றாள் அம்மா.

பிறகு என்னைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். இரண்டு வருஷம். அதற்குள் உலகச் சண்டை வந்தது, வீட்டில் கை தேவைப்பட்டது, என் படிப்பு அதோடு சரி. அந்துவான் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனான். இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. ரோசலி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். சாமியார் வீடு இருந்த இடத்தில் இன்னொரு கட்டிடம் நிற்கிறது. ஞானோபதேசப் புத்தகத்தையே மாற்றிவிட்டார்கள். இப்போது பிள்ளைகளுக்குப் படம் கொடுத்து வர்ணம் அடிக்கச் சொல்கிறார்கள்.

எட்டு நாளில் படித்தது எட்டு நாளிலேயே போய்விட்டது. இரண்டு வருஷம் படித்த என் முப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. வரிசை தப்பாமல் இன்றைக்கும் சொல்வேன். மற்ற அறுபதையும் தெரிந்த இரண்டு பேர் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். மேலே போனதும் கேள்வி கேட்பார்கள் என்கிறார்கள். கேட்கட்டும். வயது வரிசையில் நிறுத்தி, முதலிலிருந்து கேட்டால் நாங்கள் மூவரும் தேறிவிடுவோம்.