வைத்யநாதன் வீட்டுத் தீவனச் சாக்குகள்

வைத்யநாதன் சாக்கின் அடித்தையலைப் பிரிக்கும்போது கத்தரிக்கோலைத் தொடமாட்டார். சாக்கை மடியில் போட்டுக்கொண்டு, தையலின் இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். ஒரு முனையிலிருந்து இழுத்தால் முடிச்சு விழும். இன்னொன்றிலிருந்து இழுத்தால் நூல் முழுவதும் சரசரவென்று ஒரே இழையாக வந்துவிடும். சரியான முனை அகப்பட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். வந்த நூலை இடதுகைச் சுண்டுவிரலில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மூச்சை விடுவார்.

1982. விஜயநகரில் அப்போது வீடுகளைவிடக் காலி மனைகளே அதிகம். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே அவர் வீட்டு முன்புறம் முழுக்கத் தெரியும். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். மாட்டுத் தீவனம் சணல் சாக்கை விட்டுப் பிளாஸ்டிக் சாக்குக்கு மாறியதை இந்த ஊரில் அவரளவுக்குக் கொண்டாடியவர் யாரும் இல்லை. வாசலில் மிதியடி, குளியலறைக்குத் திரை, ஸ்கூட்டருக்கு உறை எல்லாம் சாக்கு. ஒவ்வொன்றிலும் மாலை போட்ட பசு ஒன்று, அதன்கீழே கன்னடத்தில் ‘தினமும் மூன்று கிலோ கொடுக்கவும்.’ மழைக்காகத் தனக்கே ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். தூறல் நாளில் அவர் கடைக்குப் போனால், அந்த வாசகம் முதுகில் ஏறித் தெருமுனை வரை போகும்.

முன்புறத்தில் வரிசையாக இருபத்துநாலு சாக்குகளில் மண் நிரப்பித் தக்காளி, கத்தரி, சேம்பு, உருளைக்கிழங்கு. வாயைக் கீழே சுருட்டி வைத்து, செடி வளர வளர அவிழ்த்து உயர்த்தி மண் போடுவார். பையனுக்குக் கால்சட்டையை இறக்கித் தைப்பதுபோல.

அவர் மனைவி வாலாம்பாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“ஏன்னா, நேத்திக்கு வந்தவா என்ன கேட்டா தெரியுமா? உங்காத்துல கறவை எத்தனை லிட்டர்னு கேக்கறா. எனக்கு நாக்கைப் பிடுங்கிண்டு சாகலாம்போல ஆயிடுத்து.”

“நீ என்ன சொன்னே?”

“மாடு பார்சல் ஆபீஸ்லேர்ந்து ரிடையர் ஆயிடுத்துன்னேன்.”

தசராவுக்கு முன்னால் எங்கள் குடியிருப்போர் சங்கம் வீட்டுத் தோட்டப் போட்டி வைத்தது. வாலாம்பாள் தெருவே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னாள். “பரிசு வந்தா சாக்கு இருக்கட்டும். வரலேன்னா ஒண்ணு பாக்கியில்லாம வெளியே போகணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றார் அவர். அவ்வளவு நம்பிக்கை. அந்தச் சேம்பு இலைகளைப் பார்த்திருந்தால் யாருக்கும் வந்திருக்கும்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சங்கச் செயலாளர் ஜகதீசனிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. தோட்டத்தில் எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இருக்கலாகாது. இருபத்துநாலு பசுக்களும் விளம்பரம். மண்ணைக் கொட்டிச் சாக்கைத் திருப்பினால் செடி தாங்காது. வைத்யநாதன் ஒரு மணி நேரம் வாசலில் நடந்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் ஒரு ஆட்டோ நிறையப் புதுச் சாக்குகள் வந்து இறங்கின.

“இத்தனையும் ஏதுன்னா?”

“பால்காரன் சென்னிமலையோட மாட்டுக் கொட்டகைலேர்ந்து. அவனுக்கு இது குப்பைதானே.”

ஒவ்வொன்றையும் அடித்தையல் பிரித்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பழைய சாக்குக்குச் சட்டை மாதிரி மாட்டினார். எப்போதும் கழுவிக் காயவைத்துத்தான் சாக்கைத் தொடுவார். அன்று நேரமில்லை. இருட்டுவதற்குள் தோட்டம் முழுக்க வெள்ளைச் சீருடையில் நின்றது. உள்ளே ஒட்டியிருந்த தவிடும் பிண்ணாக்கும் வெல்லப்பாகும் இப்போது வெளியே இருந்தன. இது அவருக்கும் தோன்றவில்லை, மாடியில் இருந்த எனக்கும் தோன்றவில்லை.

காலையில் தூறல். எட்டு மணிக்கு ஜகதீசனும், தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற லிங்கம்மாவும் நோட்டோடு வந்தார்கள். எதிர் மனையில் மேய்ந்துகொண்டிருந்த சென்னிமலையின் ஏழு மாடுகளும் அவர்கள் பின்னாலேயே கேட்டுக்குள் நுழைந்தன. அவசரமே இல்லை. முதல் சாக்கிலிருந்து ஆரம்பித்து, வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு போயின.

“இதுங்களும் கமிட்டியா?” என்றார் லிங்கம்மா.

“ஹை! ஹை!” என்று வைத்யநாதன் ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தார். மறுமுனையை ஒரு செவலை மாடு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் இழுத்தார்கள். மாடு சட்டென்று விட்டுவிட, அவர் கத்தரிச் செடிகளின் மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வரிசை கிரிசை எதுவும் இல்லை. சேம்பு போயிற்று, தக்காளி போயிற்று. கடைசியாக நின்ற உருளைக்கிழங்குச் சாக்கை அவர் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாக்கோடு சேர்த்து அவர் முழங்கையையும் நக்கின.

ஜகதீசன் நோட்டை மூடினார். “ஸார், விளம்பரம் இல்லை. அது ஒண்ணு சரியா இருக்கு.”

சிமெண்டுத் தொட்டியில் ஒரே ஒரு ரோஜா வைத்திருந்த வீட்டுக்குப் பரிசு போனது. அன்றைக்கே வைத்யநாதன் தோட்டத்துச் சாக்குகள், மிதியடி, திரை, உறை, கோட்டு எல்லாவற்றையும் நாலாக மடித்து அடுக்கினார். மண்டி மொஹல்லாவில் பழைய சாக்குக் கடைக்குப் போட ஆட்டோ வந்து நின்றது.

“மிதியடியாவது இருக்கட்டுமேன்னா” என்றாள் வாலாம்பாள். குரல் இறங்கியிருந்தது.

“பேச்சுன்னா பேச்சு.”

ஆட்டோ தெருமுனையில் திரும்பி மறையும்வரை வெறும் கையோடு நின்றார். எனக்கு இறங்கிப் போய் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, பால் தண்ணீராக இருக்கிறதென்று என் அம்மா சென்னிமலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கொள்ளேகால் பக்கத்துக்காரர், கோபித்துக்கொள்ளத் தெரியாது.

“என்னுங்கம்மா பண்றது, எதுத்தூட்டு ஐயரு தீவனத்தை நிறுத்திப்போட்டாருங்களே.”

“அவர் எதுக்கு உனக்குத் தீவனம் கொடுத்தார்?”

“கடையில விக்கிற பழைய சாக்குல மூட்டை தூக்குற கொக்கி ஓட்டை இருக்குமாமுங்க, அவருக்கு ஆகாதுங்களாம். அதனால முழு மூட்டையா அவரே வாங்கியாந்து, நம்ம கொட்டாயில கொட்டிப்போட்டு, சாக்கை மட்டும் எடுத்துக்கிட்டுப் போவாருங்க. மூணு வருசமா அப்படித்தானுங்க. போட்டிக்கு மொத நாளு மட்டும் இருபத்துநாலு மூட்டைங்க. அவரு வூட்டம்மாகிட்ட மட்டும் சொல்லீராதேன்னாருங்க.”