பன்னிரண்டாவது இடம்

காலை எட்டு மணி பத்து நிமிடம். நான் கடை திறக்கப் போகும் வழியில், பத்து மணிக்குத் திறக்கும் கண்டி காணிப் பதிவுக் கந்தோரின் மூடிய கதவுக்கு வெளியே ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். மூன்றாவதாக நின்றவர், என் ராத்தாவுக்கு வத்தேகமவில் வீடும் காணியும் விற்றவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு திங்கட்கிழமை அது.

"என்ன தம்பி, இன்டைக்குக் கடை தொறக்கல்லயா?" என்று சிரித்தார். அவர் கையில் ஒரு காணி விற்ற உறுதிப் பத்திரம் இருந்தது. பக்கத்தில் நின்ற புதியவர், வத்தேகம வீட்டுக் கிணறு வெயில் காலத்தில் வற்றுமா என்று அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதே வீட்டை இரண்டாவது முறையும் விற்றிருக்கிறார். எந்த உறுதி முதலில் பதிவாகிறதோ அதுதான் செல்லும். எங்கள் உறுதி பத்து மாதமாக ராத்தாவின் அலுமாரியில் கிடந்தது. வாப்பாவின் சிநேகிதரான அவரிடம் வாங்கிவிட்டு உடனே பதியப்போனால் அவரை நம்பாததுபோல் ஆகும் என்று தடுத்தவன் நான்தான்.

வாடகைக் காரில் வத்தேகமவுக்குப் போனேன். மச்சான் மௌத்தாகி ராத்தா விதவையான பிறகு ராத்தாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வீட்டைத் தவிர வேறு இடமில்லை. சேலைகளுக்கு அடியிலிருந்து உறுதியை எடுத்துத் தந்தார். ஏசவில்லை. "இது போனா நாங்க எங்க தம்பி போற?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வந்தபோது பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. வரிசையில் நான் பன்னிரண்டாவது ஆள். காணி விற்றவர் திரும்பிப் பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை. முன்னால் நின்றவர்களை வாய்விட்டு இரண்டு முறை எண்ணினேன்.

வரிசையின் தலையில் நின்றவர், வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர். தெல்தோட்டையிலிருந்து விடியுமுன் வந்தவராம். என்ன விஷயம் என்று அங்கிருந்தே கேட்டார். சொன்னேன். சற்று நேரம் தன் கையிலிருந்த உறுதியையே பார்த்தார். பிறகு நடந்து வந்து என் பின்னால் நின்றார்.

"நீங்க போயி என் எடத்துல நில்லுங்க."

வரிசையைக் குழப்ப வேண்டாம் என்று காணி விற்றவர் சத்தம் போட்டார்.

"யாரு கொழப்புறா? என் எடம் அவருக்கு, அவரு எடம் எனக்கு. உங்க எடம் உங்ககிட்டதானே இருக்கு, ஐயா?"

பத்து மணி ஏழு நிமிடத்துக்கு எங்கள் உறுதி பதிவுப் புத்தகத்தில் ஏறியது. நான் திரும்பியபோது காணி விற்றவர் அங்கே இல்லை. புதியவர் மட்டும், யாரும் கேட்காத உறுதியை நீட்டியபடி நின்றார்.

தெல்தோட்டைக்காரருக்காகக் காத்திருந்தேன். அவர் காணியில் என்ன சிக்கல், எதற்காக விடியுமுன் வந்து நின்றார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.

பகல் பன்னிரண்டு மணிக்கு, அன்றைக்குப் பதிவுக்கு உறுதி வாங்குவதை நிறுத்தினார்கள். அவருக்கு முன்னால் இன்னும் இருவர் நின்றார்கள்.