சாம்பல் சிமெண்டும் என் ஜெபக்குறிப்பும்

இதை எழுத மூன்று வருடம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், ஜெபம் பண்ணுவேன், மூடி வைத்துவிடுவேன். திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வைக்கிறவன், பத்தாவது தாண்டாதவன், சிமெண்ட் கம்பெனிப் புகையைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பயந்தது அதற்கல்ல. ஒரு நல்ல மனிதரைக் கெட்டவராக்கினேன். அதையும் முழங்காலில் நின்று செய்தேன்.

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது நடந்தது. சிமெண்ட் வாங்கியது எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரிடம். கடை இரண்டு தெரு தள்ளி. எல்லோரும் அவரை அண்ணன் என்போம். மூட்டையில் நிலக்கரிச் சாம்பல் கலந்தது என்று அச்சடித்திருந்தது.

"இன்னாண்ணா, சிமெண்ட்ல சாம்பலா?"

அவர் அப்போதுதான் கம்பெனி நடத்திய டீலர் கூட்டத்துக்குப் போய் வந்திருந்தார். உற்சாகமாகச் சொன்னார்.

"சுண்ணாம்புக்கல்லைச் சூளையில சுட்டாத்தான் சிமெண்ட், தம்பி. சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே கரியமில வாயு வருது. கரண்ட் எடுக்கற இடத்துல மிஞ்சற சாம்பலைக் கலந்தா அவ்ளோ கல்லைச் சுட வேணாம். இனிமே ஒவ்வொரு ஃபேக்டரியும் இவ்ளோதான் புகை விடலாம்னு கவர்மெண்ட் அளவு வெக்கப் போகுதாம். கம்மியா விட்டவனுக்கு சர்டிபிகேட். ஜாஸ்தி விட்டவன் அதை இவன்கிட்ட வாங்கணும்."

"அப்போ வெளிய விடாத புகையை விக்கிறானா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்!" சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் படாத சரக்கு, அதுவும் வராமலே போன சரக்கு. அதற்கு வியாபாரம் என்றால் எங்கோ ஏமாற்று இருக்கிறது என்று மனம் சொன்னது.

ஒரு சனிக்கிழமை தளம் போட்டோம். மண்டையைப் பிளக்கிற வெயில். சாயங்காலம் மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் காலைல பாத்தி கட்டித் தண்ணி வுட ஆள் அனுப்பறேன் சார்."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல வேலை நடக்காது மேஸ்திரி. திங்கக்கிழமை வரட்டும்."

"தண்ணி வுடறது ஒரு வேலையா சார்? சாம்பல் சிமெண்ட்டு வேற, தண்ணி நல்லா கேக்கும்."

"ஆண்டவர் பாத்துப்பார்."

"அவருக்கு நாளைக்கு லீவுன்னு நீதான சார் சொல்ற?"

திங்கட்கிழமை மாடி ஏறினால் தளமெங்கும் மயிரிழை விரிசல். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் முன்பே தெரியுமே! கம்பெனிக்கு சர்டிபிகேட், எனக்கு விரிசல்.

அந்த வாரம் வீட்டு ஜெபக் கூட்டத்தில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார்கள். நான் எழுந்தேன். "புகைக் கணக்குக்காகச் சாம்பலை சிமெண்ட் என்று விற்கிறவர்களுடைய கைக்கு ஜனங்களைத் தப்புவிக்கும்படி ஜெபிப்போம்" என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சபையில் சிமெண்ட் விற்கிறவர் ஒருவர்தான்.

அந்தக் குறிப்பு வீடு வீடாகப் போனது. ஒரு மாதத்துக்குள் நிலக்கரிச் சாம்பல் சுடுகாட்டுச் சாம்பலாகிவிட்டது. சபைக் கோயில் வாசலில் ஓர் அக்கா அவரிடமே கேட்டார்கள்: "பிணஞ்சுட்ட சாம்பலாமே அண்ணா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார். அடுத்த ஞாயிறு அவருடைய இடம் காலி. கடையிலும் ஆள் குறைந்தது. யோக்கியர் ஏன் ஒளிய வேண்டும் என்று என் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது.

என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள். "அதே லோடுல இருந்துதானே கோயில்ல கட்டற வாட்ச்மேன் வீட்டுக்கும் இறக்கினாங்க? அதே சனிக்கிழமைதானே அங்கேயும் தளம் போட்டாங்க? அது நல்லாத்தானே இருக்கு?"

அப்போதும் எனக்கு வந்தது சந்தேகம்தான். கோயிலுக்கு நல்லதைக் கொடுத்து எனக்குக் கழிவைத் தள்ளியிருக்கிறார் என்று நினைத்து, என் வீட்டுக் காலி மூட்டை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் வீட்டு மூலையில் கிடந்த மூட்டைகளோடு வைத்துப் பார்த்தேன். அதே சாம்பல், அச்சிலும் அதே வாரம் தயாரான சரக்கு. மாடி ஏறித் தளத்தைக் கையால் தடவினேன். ஒரு கீறல் இல்லை.

கீழே எங்கள் சபை ஆயர் நின்றிருந்தார். "என்னய்யா தேடறீங்க?"

சொன்னேன்.

"ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் நான்தான்யா தண்ணி விட்டேன். அங்கியைத் தூக்கிச் செருகிக்கிட்டு."

"ஓய்வுநாளாச்சே, ஐயா?"

"அதான் ஆளைக் கூப்பிடலை. நானே விட்டேன்."

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அண்ணன் கோபப்படவில்லை. "ரெண்டு தெருதானே தம்பி. வந்து என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார்.

அடுத்த ஜெபக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். ஆனால் முதலில் சொன்னது போன வீடுகளுக்கெல்லாம் இது போகவில்லை. அண்ணன் இப்போது பொத்தேரிப் பக்கம் வேறு சபைக்குப் போகிறார்.

அந்தப் புகைச் சர்டிபிகேட் இப்போது நிஜமாகவே வருகிறதாம். புகையை யார் அளக்கிறார்கள், அளக்கிறவரை யார் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் போகவில்லை. அது கம்பெனியைக் கேட்க வேண்டிய கேள்வி. அதை அண்ணன் தலையில் போட்டேன். விரிசல் நான் தண்ணீர் விடாததால் வந்தது.

படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், முக்கியமாக இரும்புலியூரில். நிலக்கரிச் சாம்பலை நிலக்கரிச் சாம்பல் என்றே சொல்லுங்கள். அவரைப் பரிசுத்தவான் ஆக்க வேண்டாம், எனக்காக எதையும் மறைக்கவும் வேண்டாம். முன்பு நான் சொன்னது வாய்க்கு வாய் மாறித்தான் அவரை விரட்டியது. இதுவாவது மாறாமல் போய்ச் சேரட்டும்.