நரி முகத்தில் விழித்த அக்கா

சிறுசேரிக்கு மேற்கே கம்பெனிக் கட்டடங்கள் முடிகிற இடத்தில், இலந்தையும் காரையும் மண்டிய மேட்டு நிலம் ஒன்று இருக்கிறது. நடுவில் கைவிட்ட செங்கல் சூளை. அங்கே வில்லா கட்டுவதற்கு முன்னால், அருகிப்போன குழிநரி வாழ்கிற இடமா என்று பார்த்துச் சொல்ல, சுற்றுச்சூழல் ஆய்வு செய்கிற எங்கள் ஆபீசிலிருந்து என்னை அனுப்பினார்கள். என் கையெழுத்தோடு போகும் முதல் அறிக்கை அது. நரி இல்லை என்று எழுதினால் மறுவாரமே பொக்லைன் இறங்கும். இருக்கிறது என்றால் வரைபடத்தையே மாற்றியாக வேண்டும்.

எனக்கு முன்னால் ஒருவர் வந்து போயிருந்தார். 'ஊராரை விசாரித்ததில் நரி இல்லை' என்று ஒரே வரி எழுதியிருந்தார். எந்த டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தாரோ! நான் இந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவர். முன்னால் வந்தவர் நம்ம ஜனத்திடம் கேட்கிற விதத்தில் கேட்டிருக்க மாட்டார் என்று கர்வமாகவே நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் மூன்று நாள் நடந்தேன். முயல் புழுக்கை, நாய்த்தடம், பீர் பாட்டில், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மாலை, நிலத்தை ஒட்டிய கடைசி வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அக்கா சிறுசேரியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். விடிந்தும் விடியாமலும் வேன் பிடிக்க ஓடுகிறவர். இங்கே நரி உண்டா அக்கா என்று கேட்டேன். சூளைப் பக்கம் மோவாயை ஆட்டிவிட்டுச் சொன்னார்:

"தெனம் நரி மூஞ்சியிலதான் முழிக்கிறேன். இன்னாத்த வந்து கொட்டிச்சு எனக்கு?"

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டில் 'இல்லை' என்று எழுதினேன்.

நாவலூர் சிக்னலில் பஸ் நின்றபோதுதான் உறைத்தது. அதிர்ஷ்டம் அடித்தவனைப் பார்த்து, இன்றைக்கு நரி முகத்தில் விழித்தாயா என்று கேட்பது எல்லோருக்கும் வழக்கம். ஒரு அதிர்ஷ்டமும் வராதவர், தினமும் விழிக்கிறேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அதுவும் மோவாயால் இடத்தைக் காட்டி? அவர் சொன்னது சாட்சி. நான்தான் அதைச் சொலவடை என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். நோட்டில் எழுதியதைப் பஸ்ஸிலேயே அடித்தேன்.

மறுநாள் விடியற்காலை அவர் வாசலில் போய் நின்றேன். என்னைக் கண்டதும் டிபன் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். சூளை அருகே என் கையைப் பிடித்து நிறுத்தினார். மண்மேட்டில், பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக, தூக்கிய பெரிய காதுகளோடு, நுனி கறுத்த வாலைச் சுருட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. பின்னால் இரண்டு குட்டிகள். தெரிந்தவர் வருகிறார் என்பதுபோல அது ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்ன வந்த சார் கைலயும் இதேதாம்மா சொன்னேன். சிரிச்சிகினே பூட்டாரு" என்றார் அக்கா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த மண்மேட்டில் இருந்த நரி வளைக்கு ஐந்து வாய் இருந்தது. எல்லாவற்றையும் அளந்தேன். எச்சத்தில் வண்டின் ஓடுகளும் இலந்தைக் கொட்டைகளும் கிடந்தன. கேமரா கட்டினேன், படமும் விழுந்தது. ஆபீசில் மேனேஜர், நாயாகக்கூட இருக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று இழுத்தார். எந்தத் தெருவில் இந்தக் காதோடு நாய் திரிகிறது சார் என்று படத்தை அவர் முன்னால் வைத்தேன். அறிக்கை நான் எழுதியபடியேதான் போனது. சூளையையும் சுற்றியுள்ள புதரையும் விட்டுவிட்டு, வில்லாக்களை ரோட்டுப் பக்கம் தள்ளிப் புது வரைபடம் வந்தது. இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பச்சை அடித்திருந்த இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்து, இதுதான் சூளை, இனி யாரும் தொட மாட்டார்கள் என்றேன். இத்தனை நாள் நரி முகத்தில் விழித்த பலன் உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்றும் சொன்னேன்.

அக்கா வரைபடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"எனக்கு இன்னாம்மா பலன்? அது தெனம் என் மூஞ்சியில முழிச்சிதே, அதுக்குத்தான் அதிர்ஷ்டம்."