அயோடின் போட்ட தண்ணீர்

அவள் பார்த்த வேலை என்னவென்று வெளியாட்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். ஒரு சொட்டுக் கடல் தண்ணீரில் எத்தனை பாசி இருக்கிறது என்று எண்ணுவது. அதற்கு ஒரு சம்பளம், ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. வேலை கிடைத்த அன்று அவளுடைய தம்பியே, "எண்ணி முடிச்சுட்டு அதுங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப்போறியா?" என்று கேட்டவன்தான். அவள் அசரவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியை விட்டு நகராமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள்.

சிரிக்கிறவர்கள் கூண்டு மீன் வளர்க்காதவர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி எல்லாக் கடலிலும் உண்டு, பெரும்பாலானவை சாது. சில வகை மட்டும், வெயிலும் சாக்கடைத் தண்ணீரும் தோதாகக் கிடைத்தால் இரண்டே நாளில் கோடிக்கணக்கில் பெருகி, மீனின் செவுளில் போய் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். திறந்த கடலில் இருக்கிற மீன் கம்பி நீட்டிவிடும். வலைக்கூண்டுக்குள் இருக்கிற மீன் எங்கே ஓடும்? அதனால்தான் அந்தக் குடாவின் கரையில் அரசாங்கம் ஓர் ஆய்வகம் கட்டி, மாடியில் அவளை உட்கார்த்தி வைத்திருந்தது. பாசி பெருகினால் அவள் சொல்ல வேண்டும். சொன்னால் கூண்டுக்காரர்கள் தீனியை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியாக இருக்கிற மீனுக்குக் கொஞ்சம் மூச்சே போதும், சில நாள் தாக்குப்பிடிக்கும். வயிறு நிறையத் தின்ற மீன்தான் முதலில் சாகும்.

அவள் அறையில் ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு குளிர்பதனப் பெட்டி. பெட்டியின் மேல் 'உணவு வைக்கக் கூடாது' என்று ஒட்டியிருக்கும், உள்ளே மொத்த அலுவலகத்தின் சாப்பாட்டு டப்பாவும் இருக்கும். ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோது மூடியபடியே ஒட்டிக்கொண்டது. திறக்க ஆள் அனுப்பச் சொல்லி அவள் எழுதிய கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியாது.

திங்களும் வியாழனும் ஆய்வகத்துப் படகுக்காரர் குடாவில் ஆறு இடங்களில் தண்ணீர் எடுப்பார். படகில் இருக்கும்போதே ஒவ்வொரு பாட்டிலிலும் டீ நிறம் வரும்வரை அயோடின் விடுவார். உயிரோடு இருக்கும் பாசி ஓடிக்கொண்டே இருக்கும்; ஓடிப்பிடித்து விளையாடுகிற பிள்ளைகளைத் தலை எண்ண முடியுமா? அயோடின் பட்டால் செத்து, நிறம் ஏறி, ஒரு நாளில் அடியில் படிந்துவிடும். மறுநாள் அவள் அடித்தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ணுவாள். பதினெட்டு வகைப் பாசிக்குத் தாளில் பதினெட்டு இடம். அவற்றில் எதிலும் சேராத பழுப்புத் தூள் கொஞ்சம் எப்போதும் கிடக்கும். அதைக் குப்பை என்று அவள் கண்ணாலேயே ஒதுக்கிவிடுவாள்.

வருடத்தில் முக்கால்வாசி நாள் அவள் தாளில் பூஜ்யம்தான். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'பூஜ்யம் அக்கா'. கேலிதான், ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவளைப் போல மூன்று தடவை எண்ணிவிட்டுப் பூஜ்யம் போடுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

அந்தப் பெருமை அவள் வாயில் கொஞ்சம் திமிராகவும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருடம் முன்பும் ஐந்து வருடம் முன்பும் வடகரையில் கூண்டு கூண்டாக மீன் செத்து மிதந்தது. இரண்டு தடவையும் அவள் எண்ணிக்கை பூஜ்யம். ஆக்சிஜன் குறைவு என்று அறிக்கை போயிற்று. ஒரு கூண்டுக்காரர் செத்த மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாடிப்படி ஏறி வந்து, இன்னொரு தடவை பாரும்மா என்று கெஞ்சினார். பார்த்தாள். பூஜ்யம். இடத்துக்கு மீறி மீனை அடைத்தால் இப்படித்தான் ஆகும், பேராசைக்குப் பாசி என்ன செய்யும் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு அனுப்பினாள். அந்த மனிதர் அதோடு கடலை விட்டே போய்விட்டார்.

தம்பி எந்தத் தொழிலிலும் காலூன்றாதவன். லாரி ஓட்டினான், போன் பழுது பார்க்கும் கடை வைத்தான், இரண்டிலும் மண்ணைக் கவ்வினான். சொந்தக்காரர்கள் வீட்டு வாசலை மிதிக்கவே கூச்சப்பட்டு ஒதுங்கி இருந்தவனை, கூண்டு மீனில் இறக்கிவிட்டதே அவள்தான். குடாத் தண்ணீரை நான் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன், நீ தைரியமாக இறங்கு என்றாள். ஆறு கூண்டு, முழுக்கக் கொடுவா மீன். பதினான்கு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் மிதவை மேலேயே குடியிருந்தார்கள். மீன் முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பத்து நாளில் மொத்தமாக எடுத்துக்கொள்ள ஆள் வருவதாக இருந்தது. இது கைகூடினால் தம்பி மனிதனாக நிமிர்ந்துவிடுவான், கைவிட்டுப் போனால் இனி எழுந்திருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, தண்ணி ஒரு மாதிரி பழுப்பா தெரியுது. மனசு கேக்காம ரெண்டு நாளா தீனி போடல. இப்படியே விட்டா எடை குறைஞ்சுடும். என்ன பண்ண?"

அவள் போனை வைத்துவிட்டு ஆறு பாட்டிலையும் எண்ணினாள். தம்பி என்பதால் மூன்று தடவைக்கு நான்கு தடவை. ஒன்றும் இல்லை. குப்பை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

"பூஜ்யம்டா. பயப்படாம வயிறு நிறையப் போடு," என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அவன் அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும், இரண்டு நாள் பட்டினிக்கும் சேர்த்துப் போட்டான். புதன்கிழமை மதியம் தம்பி மனைவி கூப்பிட்டாள். அழுகைக்கு நடுவே 'மீன்' என்கிற ஒரு வார்த்தைதான் விளங்கியது. அவள் மேஜையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் போய்ச் சேர்ந்தபோது பாதி புரண்டுவிட்டது. தண்ணீருக்குக் காற்று கொடுக்கிற பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தம்பி வலையின் ஓரத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு மீனாகப் பிடித்து நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தான். நிமிர்த்தியது மறுபடி சாய்ந்தது. ஒரு மணி நேரத்தில் ஆறு கூண்டும் வெள்ளை வயிறாக இருந்தது. அவள் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வழுவழுவென்று சளி. ஆக்சிஜன் குறைந்து செத்த மீனுக்கு ஏன் செவுளில் சளி என்று அவளுக்கு அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. வடகரைக்காரர் கொண்டுவந்த மீனின் செவுளை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை.

கையில் இருந்த குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கூண்டுத் தண்ணீரை அதில் மொண்டுகொண்டு ஆய்வகத்துக்கு ஓடினாள். அயோடின் விடாத தண்ணீரை இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் மைக்ரோஸ்கோப்பில் வைத்ததே இல்லை. அப்படி ஒரு வழிமுறை ஆய்வக விதிகளில் கிடையாது.

வைத்தாள். சொட்டு முழுக்கக் கொதித்தது. தங்கப் பழுப்பில் நீள்வட்டமாக, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, சுழன்று சுழன்று ஆயிரமாயிரம் நீந்தின. எண்ண வேண்டும் என்று அவள் விரல் பழக்கத்தில் அயோடினைத் தொட்டது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, மறுபடி கண்ணை வைத்தாள். அயோடின் பட்ட இடத்தில் அவை நின்றன, ஊதின, வெடித்தன. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெடித்தன. கொஞ்ச நேரத்தில் சொட்டில் உயிரும் இல்லை, உருவமும் இல்லை. பழுப்புத் தூள் மட்டும் கிடந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. எந்தப் பாசி மீனைக் கொன்றதோ, அதற்கு மேல் தோல் கெட்டியில்லை. படகில் அயோடின் விட்ட நொடியே அது உடைந்து தூளாகிவிடுகிறது. அந்தத் தூளைத்தான் இத்தனை வருடம் அவள் குப்பை என்று ஒதுக்கிப் பூஜ்யம் எழுதினாள்.

ஆய்வகத்தின் துணை இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார், அவரே எழுந்து வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், இப்படி உடைகிற வகை உண்டு என்று எங்கோ படித்ததாகவும் சொன்னார். பிறகு கதவைச் சாத்தினார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். இதை ஒத்துக்கிட்டா இருபத்திரண்டு வருஷக் கணக்கும் செல்லாது. பழைய சாவெல்லாம் நம்ம தலையில விழும். முறையை மாத்தணும்னா குழு கூடணும். அதுவரைக்கும் இருக்கிற முறைதான்."

குழு கூட எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். ஜன்னலைத் திறக்க ஆள் அனுப்பாத அலுவலகத்தில் அதைக் கேட்டிருக்கவே வேண்டாம். அவர் படகுக்காரரை அனுப்பிப் புதுத் தண்ணீர் எடுக்கச் சொன்னார். அயோடின் போட்டுத்தான். அதை எண்ண மாட்டேன் என்று அவள் சொன்னதும், பாட்டிலை எதிர் மேஜைக்காரியிடம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கும் வேறு வழியில்லை, எண்ணிக் கொடுத்தாள். வியாழக்கிழமை மதியம் எல்லாக் கூண்டுக்காரர்களின் போனுக்கும் அறிக்கை போயிற்று. பாசி பூஜ்யம். சாவுக்குக் காரணம் ஆக்சிஜன் குறைவு.

அவள் கூண்டுக்காரர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டாள். தீனி போடாதீர்கள், அறிக்கையை நம்பாதீர்கள் என்றாள். அந்த அறிக்கையை நம்பச் சொல்லி இருபத்திரண்டு வருடம் அவர்களோடு மல்லுக்கட்டியவளே அவள்தான். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், உடம்புக்கு முடியலையாம்மா என்று அக்கறையாக விசாரித்தார்.

அன்று பிற்பகல் தம்பியைப் பார்க்கப் போனாள். கரையில் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, மீனைக் கொட்டி மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"அக்கா, உன்கிட்ட மறைச்சுட்டேன். நீ அடைக்காதேன்னு சொல்லியும் கேக்காம, கூண்டுக்கு ஐம்பது மீன் கூடுதலா விட்டுட்டேன். அதான் மூச்சு முட்டிச் செத்துடுச்சு. என் பேராசைக்கு இது வேணும்."

ஐம்பது மீனால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னாள். அயோடினைச் சொன்னாள், வெடித்ததைச் சொன்னாள், தூளைச் சொன்னாள், "நான் போடச் சொன்னதாலதான்டா செத்துச்சு. பட்டினியா விட்டிருந்தா உன் மீன் இருந்திருக்கும்" என்றாள். அழுகை வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் யார் முன்னாலும் அழுததில்லை.

தம்பி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"சின்ன வயசுலேர்ந்து நீ இப்படித்தான். நான் எதை உடைச்சாலும் 'நான்தான் உடைச்சேன்'னு சொல்லி நீ அடி வாங்குவ. இதையும் உன் தலையில போட்டுக்காதே. நீ எண்ணி ஒருநாளும் தப்பினது இல்ல."

மறுத்து மறுத்துச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

அப்போது பக்கத்துக் கூண்டுக்காரர் தன் மிதவையிலிருந்து இறங்கி வந்தார். மூன்று நாளாக வெளியூரில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். தீனி போட ஆள் இல்லை, அதனால் அவருடைய மீன் பட்டினி கிடந்து உயிரோடு இருந்தது. காற்று அந்தப் பக்கமாகத் திரும்பிவிட்டது, பழுப்பு நிறம் அவருடைய முதல் கூண்டைத் தொட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். தீனி போட்டால் பிரச்சினை வருமா என்று அவர் அவளைக் கேட்டார்.

"போடாதீங்க. ஒரு வாரத்துக்கு ஒரு பிடிகூடப் போடாதீங்க," என்றாள்.

அவர் குழம்பிப்போய்க் கையிலிருந்த போனைப் பார்த்தார், அவளுடைய அழுத முகத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். அவளுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். காற்று அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

"அக்காவுக்கு மனசு சரியில்லண்ணே. எனக்காக என்னென்னவோ சொல்றா. அவ ஆபீஸ்லேர்ந்து பூஜ்யம்னு வந்துருக்கே, அதுக்கு மேல என்ன வேணும்? மீன் பாவம், மூணு நாளா பட்டினி. நீங்க போடுங்க."

அவர் மிதவைக்குத் திரும்பிப் போய்த் தீனிச் சாக்கின் வாயைப் பிரித்தார். அவள் கத்தினாள். அவர் அவளைப் பார்த்து, சரியாகிவிடும் என்பதுபோல் கையை அசைத்துவிட்டு, அள்ளி அள்ளி வீசினார். மீன்கள் துள்ளித் துள்ளித் தின்றன.